விண்ணில் வட்டமிட்ட வித்தகர் சாண்டோஸ் டூமாண்ட்

ஆகாய விமானம் என்றவுடன் ரைட் சகோதரர்களின் பெயர்தான் நம் நாவில் முதலில் வருகிறது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் அவர்கள் முதன்முதலாக விமானத்தில் பறந்தார்கள் என்பதை நாம் அனைவரும் பாடநூலில் படித்திருக்கிறோம். ஆனால் அதே காலத்தில், கடலுக்கு அப்பால் பாரிஸ் மாநகரில், மூங்கிலையும் பட்டுத்துணியையும் கம்பிகளையும் கொண்டு விமானங்கள் செய்து, ஊரே கூடி நின்று பார்க்கப் பறந்து காட்டிய மற்றொரு மேதையை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் பிரேசில் நாடு ஈன்ற ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டூமாண்ட்.

விமானத்திற்கு இறக்கைகள் வேண்டும், எஞ்சின் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓட்டுபவரின் கையசைவு இறக்கைக்கும் வாலுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? சைக்கிளின் கைப்பிடியில் பிரேக்கை அழுத்துகிறோம். ஒரு கம்பி அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு செல்கிறது. விமானத்திலும் அப்படியே. மெல்லிய கம்பிகளும் கயிறுகளும் கப்பிகளும் நெம்புகோல்களும்தான் மனிதனின் எண்ணத்தை இயந்திரத்திற்கு எடுத்துச் சொல்லும் தூதர்கள். இந்தத் தூதர்களைத் தம் உடலோடேயே பிணைத்துக்கொண்டு பறந்தவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

1873-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கபாங்கு என்னும் இடத்தில் ஆல்பர்ட்டோ பிறந்தார். தந்தை ஹென்ரிக் டூமாண்ட் பிரெஞ்சு வழி வந்தவர், பொறியியல் கற்றவர். பின்னர் சாவ் பாலோ மாநிலத்தில் மாபெரும் காப்பித் தோட்டம் அமைத்துப் பெருஞ்செல்வரானார். அந்தத் தோட்டத்திற்குள்ளேயே ஏறத்தாழ 60 மைல் நீளத்திற்கு இரயில் பாதை ஓடியது என்றால் அதன் பரப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றக் குழந்தைகள் விளையாட்டுச் சாமான்களோடு திரிந்த வயதில் ஆல்பர்ட்டோ இயந்திரங்களோடு திரிந்தார். ஏழு வயதில் தோட்டத்து நீராவி வண்டிகளை ஓட்ட அனுமதி பெற்றார். பன்னிரண்டு வயதில் இரயில் எஞ்சினையே ஓட்டினார்! காப்பிக்கொட்டையைத் தரம் பிரிக்கும் ஆலையில் அவர் மணிக்கணக்கில் நிற்பார். அங்கே வெடுக்கு வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடும் சல்லடைகள் அடிக்கடி பழுதாவதையும், சீராகச் சுழலும் சக்கரங்கள் நெடுநாள் உழைப்பதையும் கூர்ந்து கவனித்தார். ஓர் அசைவு எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று ஆராயும் பழக்கம் அந்த ஆலையிலேயே அவருக்கு வந்துவிட்டது.

அந்நாளில் பிரேசில் நாட்டுச் சிறுவர்களிடையே ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் ஏதேனும் ஒன்றன் பெயரைச் சொல்லி அது பறக்குமா என்று கேட்பான். புறா, காக்கை என்றால் மற்றவர்கள் விரலை உயர்த்த வேண்டும். நாய், நரி என்றால் உயர்த்தக் கூடாது. தவறியவன் தோற்றவன். மனிதன் பறப்பானா என்று கேட்கும்போதெல்லாம் ஆல்பர்ட்டோ ஒருவர் மட்டும் விரலை உயர்த்துவார். தோழர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அவரோ தண்டனை தர மறுத்து, விரலைத் தாழ்த்தாமலே நிற்பார். ஜூல்ஸ் வெர்னின் கதைகளைப் படித்துப் படித்து, மனிதன் பறப்பது உறுதி என்று அந்தப் பிஞ்சு உள்ளம் நம்பிவிட்டிருந்தது.

பாரிஸ் மாநகரில்

தந்தையார் வண்டியிலிருந்து விழுந்து பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். தோட்டத்தை விற்றுவிட்டுக் குடும்பம் ஐரோப்பாவுக்குச் சென்றது. 1892-இல், தம் இறுதிக் காலம் நெருங்குவதை உணர்ந்த தந்தை, பதினெட்டே வயதான மகனுக்குரிய செல்வத்தை அவர் கையிலேயே ஒப்படைத்தார். பட்டத்திற்காகப் படிக்க வேண்டாம், பாரிஸில் தங்கிப் பௌதிகம், இரசாயனம், இயந்திரவியல், மின்னியல் ஆகியவற்றைக் கற்றுக்கொள் என்று அறிவுரை கூறினார். அவ்வாண்டே அவர் மறைந்தார். கைநிறையப் பணமும் கேட்க ஆளில்லாத சுதந்திரமும் இளைஞரைக் கெடுத்துவிடும் என்பார்கள். ஆனால் ஆல்பர்ட்டோ அந்தப் பணத்தைப் பட்டறையிலே செலவிட்டார்.

1898-இல் முதன்முறையாகப் பலூனில் ஏறினார். அதே ஆண்டு ஜப்பானியப் பட்டினால் தமக்கென்று ஒரு சின்னஞ்சிறு பலூனைச் செய்து, தாய்நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். அவரே குள்ளமான, மெலிந்த உருவத்தினர். ஆகவே சிறிய பலூன் அவருக்குப் போதுமானதாயிருந்தது.

ஆனால் பலூன் காற்று போன போக்கில் போகும் பொருள். மனிதன் சொன்ன திசையில் அதைச் செலுத்துவது எப்படி? சுருட்டு வடிவில் நீண்ட பலூன் ஒன்றைச் செய்து, அதன் கீழே தொங்கிய கூடையில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினார். பின்புறத்தில் பட்டுத்துணி போர்த்திய சுக்கான் அமைத்தார். முன்னும் பின்னும் பாரமூட்டைகளைத் தொங்கவிட்டு, கூடையிலிருந்தே கயிற்றால் இழுக்கும்படி செய்தார். முன் மூட்டையைத் தம் பக்கம் இழுத்தால் முன்பாரம் குறைந்து மூக்கு மேலே எழும். பின் மூட்டையை இழுத்தால் மூக்கு கீழே தாழும். எவ்வளவு எளிய வழி! 1898 செப்டம்பர் 20-இல் அந்த முதலாம் எண் வான்கப்பல் பாரிஸ் மக்களின் தலைக்கு மேலே இடமும் வலமும் திரும்பிக் காட்டியது.

ஈபில் கோபுரத்தைச் சுற்றி

செயின்ட் கிளவுடு என்னும் இடத்திலிருந்து புறப்பட்டு, ஈபில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு 30 நிமிடத்திற்குள் திரும்புவோருக்கு 1,00,000 பிராங்கு பரிசு என்று ஒரு செல்வந்தர் அறிவித்திருந்தார். ஐந்தாம் எண் கப்பலில் சாண்டோஸ் டூமாண்ட் முயன்றார். பலூனையும் கூடையையும் இணைக்கத் தடித்த கயிறுகள் காற்றை மிகவும் எதிர்க்கின்றன என்று கண்டு, பியானோவினுள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகளை அவற்றிற்குப் பதிலாகப் பயன்படுத்தினார். இன்னிசை எழுப்பும் கம்பி இப்போது ஓர் உயிரைத் தாங்கி நின்றது.

1901 ஜூலை மாதம் அந்தக் கப்பல் ஒரு தோட்டத்து மரத்தின் உச்சியில் சிக்கிக்கொண்டது. பக்கத்து மாளிகையில் வாழ்ந்தவர் பிரேசில் நாட்டு இளவரசி இசபெல். 1888-இல் பிரேசிலில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தில் கையொப்பமிட்ட உத்தமி அவர். மரத்தின் மேல் இருந்தவருக்கு உணவு அனுப்பினார். சில நாட்களுக்குப் பின், விபத்துகளிலிருந்து காக்க வேண்டி, புனித ஆசீர்வாதப்பர் சுரூபம் ஒன்றையும் அன்புடன் அனுப்பிவைத்தார். அதைச் சங்கிலியில் கோத்து மணிக்கட்டில் அணிந்துகொண்டார் சாண்டோஸ் டூமாண்ட்.

ஆகஸ்ட் 8-ஆம் நாள் மீண்டும் முயன்றார். கோபுரத்தைச் சுற்றியும் விட்டார். ஆனால் வாயு கசிந்து பலூன் தளர்ந்தது. பலூன் தளரவே, அதிலிருந்து தொங்கிய கம்பிகளும் தளர்ந்து, சுழலும் விசிறியில் உரசத் தொடங்கின. இன்னும் சற்று நேரம் எஞ்சின் ஓடியிருந்தால் கம்பிகள் யாவும் அறுந்திருக்கும். நொடியில் நிலைமையை உணர்ந்து எஞ்சினை நிறுத்தினார். கப்பல் ஒரு விடுதியின் கூரையில் மோதிக் கிழிந்தது. அவரோ சுவரோரத்தில் அந்தரத்தில் தொங்கினார். தீயணைப்புப் படையினர் கயிறு விட்டு மேலே தூக்கினார்கள். அன்று மாலையே ஆறாம் எண் கப்பலைச் செய்யக் கட்டளையிட்டார் என்றால் அவர் மன உறுதியை என்னென்பது!

1901 அக்டோபர் 19-ஆம் நாள் ஆறாம் எண் கப்பல் கோபுரத்தைச் சுற்றித் திரும்பியது. வழியில் எஞ்சின் நின்றுவிடும்போல் இருந்தது. சுக்கானைச் சற்றே விட்டுவிட்டு எஞ்சினைச் சீர்செய்து, மீண்டும் சுக்கானைப் பிடித்தார். நேரக் கணக்கில் சர்ச்சை எழுந்தபோதிலும் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. அப்பணத்தில் ஒரு காசும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம்மோடு உழைத்த தொழிலாளருக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார். வறுமையால் தங்கள் தொழிற்கருவிகளை அடகு வைத்திருந்த பாரிஸ் ஏழைகள் அவற்றை மீட்டுக்கொள்ள மற்றொரு பகுதியை வழங்கினார்.

இரு கைகளும் சுக்கானிலும் கயிறுகளிலும் இருக்கும்போது, சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது எப்படி? இதை அவர் சொல்லக் கேட்ட நண்பர் லூயி கார்ட்டியே, 1904-இல் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆண்களிடையே கைக்கடிகாரம் பரவ அதுவும் ஒரு காரணமாயிற்று.

மங்கை ஒருத்தி விண்ணேறினாள்

மாணவியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. 1903 ஜூன் 27-ஆம் நாள், இருபது வயதும் நிரம்பாத அய்டா டி அகோஸ்டா என்னும் பெண், அவருடைய ஒன்பதாம் எண் கப்பலைத் தன்னந்தனியாக ஓட்டினாள். சுக்கானையும் பாரத்தையும் கையாளும் முறையைச் சில பாடங்களில் அவளுக்குக் கற்பித்த சாண்டோஸ் டூமாண்ட், கீழே சைக்கிளில் தொடர்ந்து சென்று சைகை காட்டினார். எஞ்சின் பூட்டிய வானூர்தியை ஓட்டிய முதல் பெண் அவளே. பெண்பிள்ளை பெயர் செய்தித்தாளில் வரலாகாது என்று அஞ்சிய பெற்றோர் அதைப் பல்லாண்டுகள் வெளியே சொல்லவிடவில்லை. வீரம் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

உடலே ஓர் உறுப்பானது

1906-இல், பலூனின் உதவியின்றிப் பறக்கும் விமானத்தை அவர் செய்தார். பதினான்காம் எண் வான்கப்பலின் கீழே கட்டித் தொங்கவிட்டு முதலில் சோதித்ததால் அதற்குப் பதினான்கு-பிஸ் என்று பெயர் வந்தது. கம்பி வடத்தில் தொங்கவிட்டு, கழுதையைக் கட்டி இழுக்கச் செய்தும் சோதித்தார். பெட்டி பெட்டியாக அமைந்த இறக்கைகள் பின்னால். நீண்ட கழுத்தின் நுனியில் ஒரு பெட்டி முன்னால். எப்பக்கமும் திரும்பும் மூட்டில் பொருத்தப்பட்ட அந்த முன்பெட்டியே சுக்கான். அவர் கூடையில் நின்றுகொண்டே அதை இயக்குவார்.

அக்டோபர் 23-ஆம் நாள் பாகத்தெல் மைதானத்தில் ஏறத்தாழ 60 மீட்டர் பறந்தார். கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் விமானம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதையும், அதைத் தடுக்கத் தம்மிடம் எந்த வழியும் இல்லாததையும் அவர் உணர்ந்தார். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு கை. திருப்புவதற்கு மறு கை. சாய்வைத் திருத்த மூன்றாவது கைக்கு எங்கே போவது?

அதற்கு அவர் கண்ட வழிதான் அற்புதமானது. இறக்கைகளின் ஓரத்தில் அசையும் எண்கோணப் பலகைகளைப் பொருத்தினார். அவற்றிலிருந்து வந்த கம்பிகளைத் தம் தோளோடும் உடலோடும் பிணைத்த வார்களில் கட்டினார். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் மனிதன் இயல்பாகவே மறுபக்கம் சாய்வான் அல்லவா? அந்தச் சாய்வே கம்பியை இழுத்து விமானத்தை நிமிர்த்தியது. நவம்பர் 12-ஆம் நாள் 220 மீட்டர் தூரத்தை இருபத்தொன்றரை வினாடியில் பறந்து கடந்தார். உலக விமானச் சங்கம் பதிவு செய்த முதல் சாதனை அதுவே.

வீட்டிலே கட்டக்கூடிய விமானம்

அவருடைய படைப்புகளில் நம் மனத்தைக் கவர்வது டெமாய்செல். 1907-இல் முதல் டெமாய்செல் பறந்தது. 1909-இல் அது செம்மை பெற்றது. அப்பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் இளம்பெண் என்றும், தட்டாரப்பூச்சி என்றும் பொருள். மூங்கில் கழிகளே அதன் உடல். பட்டுத் துணி போர்த்திய இறக்கைகளின் அகலம் 5 மீட்டருக்குச் சற்றே அதிகம். ஓட்டுபவர் இறக்கையின் கீழே, சக்கரங்களுக்கிடையே, ஒரு துணிப்பட்டையின் மேல் அமர்ந்திருப்பார்.

அதன் இணைப்புகளைச் சற்று விரிவாகக் காண்போம். சிலுவை வடிவில் அமைந்த வால் முழுவதும் எத்திசையிலும் திரும்பும் ஒரே மூட்டில் நின்றது. ஒரு கையிலுள்ள நெம்புகோலை அசைத்தால் கம்பிகள் வாலை மேலும் கீழும் அசைக்கும். மறு கையிலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் வால் இடமும் வலமும் திரும்பும். முதுகுப்புறம் இன்னொரு நெம்புகோல். அதன் நுனி, ஓட்டுபவரின் கோட்டில் பின்பக்கம் தைத்த ஒரு பைக்குள் செருகப்பட்டிருக்கும்! அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் நெம்புகோல் சாயும்; கம்பி இறுகும்; தாழ்ந்த இறக்கையின் பின்விளிம்பு சற்றே கீழ்நோக்கி முறுக்கிக்கொண்டு காற்றை அதிகமாகப் பிடிக்கும்; இறக்கை மேலே எழும். ஒரு தையற்காரரின் ஊசியும் நூலும் விமானத்தின் உறுப்பாக ஆனது விந்தையன்றோ!

இத்தகைய கம்பிகளைப் பொருத்துவது பார்ப்பதற்கு எளிது. பிழை நேர்ந்தாலோ பெரிது. கம்பி தளர்வாக இருந்தால் கை அசைந்தாலும் வால் அசையாது. அளவுக்கு மீறி இறுகினால் கப்பி சுழலாமல் கை கனக்கும். சட்டத்தில் எங்கேனும் உரசினால் இழை இழையாகத் தேய்ந்து ஒருநாள் அறும். கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிவிட்டாலோ, நிமிர்த்த எண்ணிச் சாய்ந்தவரை விமானம் மேலும் கவிழ்த்துவிடும். ஆகையால்தான் இன்றும் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுவோர், ஒவ்வோர் இணைப்பையும் கடைசி வரை அசைத்துப் பார்க்கிறார்கள். முடுக்கிய திருகு தானே கழலாதபடி மெல்லிய கம்பியால் பூட்டுகிறார்கள். தாம் பார்த்தது போதாதென்று வேறொருவரையும் பார்க்கச் சொல்கிறார்கள். தன் வேலையில் தனக்கே குறை தெரியாது என்பது மனித இயல்பு.

1909 செப்டம்பரில் டெமாய்செலில் ஏறி 8 கிலோமீட்டர் தூரத்தை 5 நிமிடத்தில் அவர் கடந்தார். அந்த நாளில் அது மின்னல் வேகம். அப்போது அவர் நினைத்திருந்தால் காப்புரிமை பெற்றுக் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். அவரோ காப்புரிமை வேண்டாமென்று கூறி, விமானத்தின் வரைபடங்களை உலகுக்கு இலவசமாகவே வழங்கினார். 1910-இல் பாப்புலர் மெக்கானிக்ஸ் என்னும் அமெரிக்க இதழ் அவற்றை அளவுகளோடு வெளியிட்டது. தச்சு வேலையும் தையல் வேலையும் அறிந்த சாதாரண மக்களும் தங்கள் வீட்டிலேயே விமானம் கட்டத் துணிந்தார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற விமானி ரோலண்ட் காரோ பறக்கத் தொடங்கியது டெமாய்செலில்தான்.

அறுந்த கம்பி

1910 ஜனவரி மாதம். டெமாய்செல் வானில் இருந்தபோது இறக்கையைத் தாங்கிய கம்பி ஒன்று அறுந்தது. இறக்கை மடங்கியது, விமானம் விழுந்தது. காயங்களுடன் அவர் உயிர் தப்பினார். ஆனால் அதன்பின் அவர் விமானம் ஓட்டவில்லை. ஏற்கெனவே நரம்புத் தளர்ச்சி அவர் உடலைப் பற்றத் தொடங்கியிருந்தது. வேகமான உடலசைவால் விமானத்தை நிமிர்த்தியவருக்கு, அந்த உடலே கட்டுப்பட மறுத்தது.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. எவருக்கும் பயன்பட வேண்டும் என்று அவர் வாரி வழங்கிய அறிவு, ஊர்களை எரிக்கப் பயன்படுவதைக் கண்டு உள்ளம் துடித்தார். 1926-இல், விமானங்களைப் போருக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு ஜெனீவாவிலிருந்த சர்வதேச சங்கத்திற்கு விண்ணப்பித்தார். பலன் கிட்டவில்லை.

தாய்நாட்டில் பெத்ரோப்பொலிஸ் என்னும் மலையூரில் 1918-இல் சிறு வீடு ஒன்று கட்டினார். அதன் செங்குத்தான படிக்கட்டில் ஒவ்வொரு படியும் பாதியளவே இருக்கும். முதற்படியில் வலது காலைத்தான் வைக்க முடியும்! இயந்திரத்தை உடலுக்கேற்ப அமைத்தவர் வீட்டையும் அவ்வாறே அமைத்தார். இன்று அது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

1928 டிசம்பர் 3-ஆம் நாள் அவர் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ரியோ நகரம் திரும்பியபோது, அவர் பெயரையே தாங்கிய கடல்விமானம் ஒன்று அறிஞர்களை ஏற்றிக்கொண்டு வரவேற்கப் பறந்து வந்தது. அவர் கண்ணெதிரே அது கடலில் விழுந்தது. அதில் இருந்த அனைவரும் மாண்டனர். ஆரவார வரவேற்பை வேண்டாமென்று மறுத்து, இறந்தோரின் அடக்கத்தில் அவர் கலந்துகொண்டார். 1932-இல் பிரேசிலில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கும் விமானங்கள் குண்டு வீசின. நோயும் துயரமும் வாட்ட, அவ்வாண்டு ஜூலை 23-ஆம் நாள், 59-ஆம் வயதில், குவாருஜா என்னும் கடற்கரை ஊரில் அவர் காலமானார். பிறந்த ஊருக்கும், ரியோ நகரத்து விமான நிலையம் ஒன்றுக்கும், சந்திரனிலுள்ள ஒரு பள்ளத்திற்கும் இன்று அவர் பெயர் வழங்குகிறது.

நாம் பெறும் பாடம்

அன்புத் தோழியரே! ஒரு சிறு கம்பி ஒழுங்காகப் பொருந்தியிருந்தால் மனிதன் வானில் பறக்கிறான். அது அறுந்தால் மண்ணில் விழுகிறான். சாண்டோஸ் டூமாண்ட் தம் விமானத்தின் கம்பிகள் அனைத்தையும் தம் கைகளோடும் தோளோடும் இணைத்து வைத்தார். ஆனால் அந்த விமானத்தை வாங்கிக்கொண்ட உலகம், தன் கைகளை இதயத்தோடு இணைக்க மறந்துவிட்டது. அதுவே அவரைக் கொன்ற கவலை.

நாளை நம்மில் சிலர் மருத்துவராகலாம், பொறியியலாளராகலாம், விஞ்ஞானியாகலாம், இல்லத்தரசியாகலாம். எந்த வேலையைச் செய்தாலும், கண்ணுக்குத் தெரியாத சிறு இணைப்பையும் கவனமாகப் பொருத்துவோம். கற்றதை ஒளிக்காமல் பிறருக்கு வழங்குவோம். நம் கையின் திறமை நம் மனச்சாட்சியின் இழுப்புக்கு என்றும் கட்டுப்பட்டு நடக்க இறைவன் அருள்புரிவாராக!